பசுமை பிட்காயின்: எந்த நேரத்துக் கரண்ட், யாருடைய கரண்ட்?

பிட்காயின் மைனிங் ஒரு நாட்டுக்கு வேண்டிய கரண்டைத் தின்கிறது என்று ஒரு செய்தி வருகிறது. அந்தக் கரண்டில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் அணுமின்சாரமும்தான் என்று இன்னொரு செய்தி. நடுவில், "மாடியில் சோலார் போடுங்கள், மைனிங் மெஷின் வையுங்கள், மாதாமாதம் வருமானம்" என்று வாட்ஸ்ஆப்பில் விளம்பரம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது சேலத்து ஈபி கட்டணத்தில் தேறாது. மூன்றையும் பிரித்துப் பார்க்க, மெஷின் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மெஷின் அப்படி என்னதான் செய்கிறது?

பிட்காயின் என்பது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி நகல்களாக இருக்கும் கணக்குப் பேரேடு. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் 2008 அக்டோபரில் இதன் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று பேரேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாக் என்று பெயர். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற விவரங்கள் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக்காகச் சேர்கின்றன.

பேரேட்டை வங்கி எழுதினால் வங்கியை நம்புகிறோம். இங்கே வங்கி கிடையாது. அடுத்த பிளாக்கை எழுதும் உரிமை யாருக்கு என்பதை ஒரு போட்டி முடிவு செய்கிறது. பிளாக்கில் உள்ள விவரங்களோடு ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்து எஸ்எச்ஏ-256 என்ற கணக்கில் போட்டால் நீளமான ஒரு விடை வரும். அந்த விடை நெட்வொர்க் வைத்திருக்கும் வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். எந்த எண்ணைப் போட்டால் அப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லை. எண் மறந்துபோன பெட்டியின் பூட்டை 000, 001, 002 என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். இப்படி ஒரு தடவை போட்டுப் பார்ப்பதற்கு ஹாஷ் என்று பெயர். முதலில் விடை கண்டவர் பிளாக்கை எழுதி, வெகுமதியாகப் புதிய பிட்காயின் பெறுகிறார். இதுதான் மைனிங்; இதைச் செய்பவர் மைனர்.

வெகுமதி தொடக்கத்தில் 50 பிட்காயின். 2,10,000 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அது பாதியாகும். 2024 ஏப்ரலில் இருந்து 3.125. ஒரு நாளைக்கு 144 பிளாக் என்றால், உலகத்து மைனர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு நாளில் கிடைப்பது சுமார் 450 பிட்காயின். பின்னால் வரும் கணக்குகளுக்கு இந்த 450 வேண்டும்.

இந்த வேலைக்குச் சாதாரணக் கணினி இப்போது உதவாது. இந்த ஒரே கணக்குக்கென்று செய்த சிப்புகளைக் கொண்ட மெஷின்கள் இருக்கின்றன. ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மாடல் நொடிக்கு 200 டெராஹாஷ் போடும்; ஒரு டெராஹாஷ் என்பது ஒரு லட்சம் கோடித் தடவை. அதற்கு அது இழுப்பது 3,500 வாட். உள்ளே போகும் கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது.

கரண்ட் செலவு ஏன் குறைவதில்லை?

பெரும்பாலான செய்திகள் தடுமாறுவது இங்கேதான்.

1. மெஷின்கள் கூடினால் விடை சீக்கிரம் கிடைத்துவிடும், பிளாக்குகள் 10 நிமிடத்துக்கு முன்பே வந்துவிடும். அதைத் தடுக்க, 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, சுமார் இரண்டு வாரத்தில், நெட்வொர்க் தானாகவே கணக்கைக் கடினமாக்குகிறது. மெஷின்கள் குறைந்தால் எளிதாக்குகிறது.

2. ஆகவே சிக்கனமான மெஷின் வந்தாலும் மொத்தச் செலவு குறையாது. 2016-ல் வந்த எஸ்9 மாடலுக்கு ஒரு டெராஹாஷுக்குச் சுமார் 98 ஜூல் ஆற்றல் வேண்டியிருந்தது; எஸ்21-க்கு 17.5 ஜூல் போதும். ஐந்து மடங்குக்கு மேல் சிக்கனம். மிச்சமானதைக் கொண்டு எல்லோரும் இன்னும் அதிக ஹாஷ் போட்டார்கள், கடினம் ஏறியது, கரண்ட் செலவு உயர்ந்தது. எல்இடி பல்பு மாட்டினால் வீட்டு பில் குறைவது போன்ற பலன் இங்கே நெட்வொர்க் அளவில் கிடைக்காது.

3. செலவை நிர்ணயிப்பது பிட்காயின் விலை. ஒரு பிட்காயின் 80 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 450 பிட்காயினுக்கு ஒரு நாள் வருமானம் 360 கோடி ரூபாய். அந்தப் பணம் முழுவதையும் யூனிட் 5 ரூபாய்க்குக் கரண்ட் வாங்கிச் செலவழித்தால் 72 கோடி யூனிட். இது உச்ச வரம்பு. மெஷின் விலை, ஆள் சம்பளம், லாபம் போக உண்மைச் செலவு இதற்குக் கீழே நிற்கும். விலை இரட்டித்தால் வரம்பும் இரட்டிக்கும்.

4. எத்தனை பேர் பணம் அனுப்புகிறார்கள் என்பதற்கும் கரண்ட் செலவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பிளாக் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் மெஷின்கள் அதே அளவுதான் இழுக்கும். "ஒரு பரிவர்த்தனைக்கு இத்தனை யூனிட்" என்று வரும் கணக்குகளைச் சற்று ஒதுக்கி வைப்பது நல்லது.

எல்லாக் கிரிப்டோவும் இப்படிக் கரண்டை இழுக்கத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னொரு கிரிப்டோ நாணயமான எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று இந்தப் போட்டி முறையையே கைவிட்டது. நாணயத்தைப் பிணையாகக் கட்டி வைத்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து பிளாக் எழுத வைக்கும் முறைக்கு மாறியது. அதன் மின் செலவு 99.9 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. பிட்காயின் தரப்பு மாற மறுக்கிறது. மின்சாரம் செலவழித்தே ஆக வேண்டும் என்பதுதான் பேரேட்டைத் திருத்த முடியாமல் காக்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் காவலுக்கு ஊரார் எவ்வளவு கொடுக்கிறோம் என்று கேட்கும் உரிமையை அந்த வாதம் பறித்துவிடாது.

மேட்டூரை வைத்து அளந்தால்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாற்று நிதி ஆய்வு மையம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, பிட்காயினின் ஆண்டு மின் செலவை 138 டெராவாட் மணி என்று மதிப்பிட்டது. நம் பேச்சில் 13,800 கோடி யூனிட். உலக மின் நுகர்வில் அரை விழுக்காடு. நாளுக்குப் பிரித்தால் சுமார் 38 கோடி யூனிட்.

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 600 மெகாவாட் அலகு ஒன்று. மொத்தம் 1,440 மெகாவாட். எல்லா அலகும் ஒரு நொடி நிற்காமல் முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளில் மூன்றரைக் கோடி யூனிட் வரும். அப்படிப் பதினோரு மேட்டூர்கள் இரவு பகலாக ஓடினால்தான் பிட்காயினுக்குக் கட்டும். இன்னொரு விதமாகப் பார்த்தால், 2024 கோடையின் உச்சத்தில் தமிழ்நாடு முழுவதும் ஒரு நாளில் செலவழித்தது சுமார் 45 கோடி யூனிட். வீடு, ஆலை, பம்புசெட், தறி, ஏசி, தெருவிளக்கு எல்லாம் சேர்ந்து அவ்வளவு.

சேலத்தில் ஒரு மெஷின் ஓடினால்

ஒரு எஸ்21 மெஷினை சேலத்தில் ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். 3.5 கிலோவாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 84 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்றேகால் நாளில் முடித்துவிடும். இரண்டு மாதத்தில் 5,000 யூனிட் தாண்டும். ஆயிரம் யூனிட்டுக்கு மேல் வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் என்பதால் பில் 50 ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போகும். அதோடு, வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் வரும். பிடிபட்டால் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

வருமானம்? 2025-ன் பிற்பகுதியில் உலகத்து மெஷின்களின் மொத்த வேகம் நொடிக்கு 1,000 எக்ஸாஹாஷைத் தொட்டது; ஒரு எக்ஸாஹாஷ் என்பது பத்து லட்சம் டெராஹாஷ். அதில் ஒரு எஸ்21-ன் பங்கு 50 லட்சத்தில் ஒன்று. 450 பிட்காயினில் 50 லட்சத்தில் ஒரு பங்கு என்பது 0.00009. பிட்காயின் 80 லட்ச ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 720 ரூபாய். அன்றைய கரண்டுக்கு 900 ரூபாய்க்கு மேல். மெஷின் வாங்கிய காசு இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

வரியையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் கிரிப்டோவை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி. மைனிங்குக்கான உள்கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று நிதியமைச்சகம் நாடாளுமன்றத்தில் அந்த ஆண்டே தெளிவுபடுத்தியது. நஷ்டத்தில் ஓடும் மெஷினுக்கும் வரி வந்து நிற்கும்.

அதே 3.5 கிலோவாட்டில் இளம்பிள்ளையிலோ ஜலகண்டாபுரத்திலோ ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்த விசைத்தறிகள் நான்கு ஓடும். நான்கு தறி ஓடினால் ஒரு நெசவாளி வீட்டில் அடுப்பெரியும், பாவு ஓட்டுகிறவருக்கும் சாயப்பட்டறைக்கும் வேலை வரும். மைனிங் மெஷினுக்கு ஆள் வேண்டாம். விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் போதும்.

சோலார் போட்டால் சரியாகிவிடாதா?

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் சோலார் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 84 யூனிட்டுக்கு 21 கிலோவாட் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்தாலும் 2,100 சதுர அடி மொட்டை மாடி தேவை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78 ஆயிரம் ரூபாய் மானியத்தோடு பலரும் போடுகிற 3 கிலோவாட் அமைப்பு நாளுக்குச் சுமார் 12 யூனிட் தருகிறது. ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். இந்த மெஷின் அதை மூன்றரை மணி நேரத்தில் குடித்துவிடும்.

பகலில் மட்டும் ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஓட்டலாம், ஆனால் மைனர்கள் அதை விரும்புவதில்லை. மெஷின் விலை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. உலகத்து மெஷின்கள் கூடக் கூட நம் மெஷினின் பங்கு வாராவாரம் தேய்கிறது. இன்றைக்கு நிறுத்தி வைத்த மணி நேரம் நாளைக்குத் திரும்பி வராது. ஒரு நாளில் ஆறு மணி நேரம் மட்டும் ஓடினால் மெஷின் தன் விலையை மீட்பதற்குள் பழசாகிவிடும். ஆகவே சோலார் வைத்திருப்பவரும் சூரியன் இறங்கியதும் கிரிடுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்கு, மாறுகிறார். அந்த மாலைக் கரண்டில் இருப்பது என்ன? சேலத்தில் இரவு எட்டு மணிக்குப் போடும் ஒவ்வொரு கூடுதல் லோடுக்கும் பெரும்பாலும் எங்கோ ஓர் அனல் நிலையம்தான் கரி தள்ள வேண்டும். நம் நிலக்கரி ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் எரிகிறது. முழுக்கக் கரியில் ஓடினால் ஒரு மெஷினுக்கு நாளுக்கு ஏறக்குறைய 60 கிலோ.

உலகம் பசுமைக்கு மாறியது எப்படி?

மைனர்கள் தேடியது மலிவான கரண்ட். மலிவானது சில இடங்களில் பசுமையாக இருந்தது, சில இடங்களில் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் விழுக்காடுகளின் ஏற்ற இறக்கம் தானாக விளங்கிவிடும்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் மின்பாதைகளை முந்திக்கொண்டு அணைகள் கட்டப்பட்டன. மழைக்காலத்தில் உற்பத்தியாகும் கரண்டை வெளியே கொண்டுபோக வழியின்றி தண்ணீரைச் சும்மா திறந்துவிட்டார்கள். மைனர்கள் அங்கே போய் மலிவு விலைக்கு வாங்கினார்கள். மழைக்காலம் முடிந்ததும் மெஷின்களை லாரியில் ஏற்றி சின்ஜியாங் போனார்கள். அங்கே நிலக்கரி. ஆண்டில் பாதி நீர், பாதி கரி.

2021 மே, ஜூன் மாதங்களில் சீனா மைனிங்கை விரட்டியது. மெஷின்கள் கஜகஸ்தானுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. சுற்றுச்சூழலுக்கு நல்லது நடந்தது என்று பலர் எழுதினார்கள். நடந்தது வேறு. 2020-ல் சுமார் 42 விழுக்காடாக இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பங்கு 2021 ஆகஸ்டில் 25-க்கு இறங்கியது என்று 2022-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சிச்சுவானின் தண்ணீர் போய் கஜகஸ்தானின் கரி வந்தது. அந்தக் குளிர்காலத்தில் கஜகஸ்தானில் கரண்ட் பற்றாக்குறையாகி மைனர்களின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. கொசோவோ 2022 ஜனவரியில் தடையே போட்டது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மூடப்போகும் நிலையில் இருந்த ஹார்டின் அனல் நிலையம் மைனிங்குக்காக உயிர்பெற்றதும் இதே காலம்தான்.

அப்புறம் திசை மாறியது. பூடான் தன் நீர்மின்சாரத்தை அரசு நிறுவனம் மூலமே மைனிங்குக்குப் போட்டது. எத்தியோப்பியா, பராகுவே, ஐஸ்லாந்து எல்லாம் உள்ளூரில் மிஞ்சும் கரண்டை விற்றன. எல் சால்வடார் எரிமலை வெப்பத்தில் ஓட்டியது. டெக்சாசில் காற்றாலையும் சோலாரும் பெருகி, சில மணி நேரங்களில் கரண்ட் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. கேம்பிரிட்ஜின் 2025 அறிக்கைப்படி பிட்காயின் கரண்டில் புதுப்பிக்கத்தக்கது 42.6 விழுக்காடு, அணுமின்சாரம் 9.8, இரண்டும் சேர்ந்து 52.4. நிலக்கரி 8.9-க்கு இறங்கிவிட்டது. ஆனால் இயற்கை எரிவாயு 38.2 விழுக்காட்டோடு தனி எரிபொருள்களில் முதலிடத்தில் நிற்கிறது. இவை மைனிங் நிறுவனங்களே நிரப்பிக் கொடுத்த படிவங்களில் இருந்து வந்தவை. உலக மைனிங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே பதில் சொன்னார்கள். பொய் என்று தள்ள வேண்டியதில்லை. தணிக்கை செய்த கணக்கும் அல்ல.

டெக்சாசின் இன்னொரு ஏற்பாடு நம் ஊர் விவாதத்துக்கும் வேண்டியது. கிரிடில் நெருக்கடி வரும்போது மைனர்கள் மெஷினை நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொள்கிறார்கள், அதற்குப் பணம் கிடைக்கிறது. ரயட் பிளாட்பார்ம்ஸ் என்ற நிறுவனம் 2023 ஆகஸ்டில் இப்படி 3.17 கோடி டாலர் மின் வரவாகப் பெற்றது. அந்த மாதம் பிட்காயின் விற்றுக் கிடைத்ததை விட அது அதிகம். ஆலையோ ஆஸ்பத்திரியோ நொடியில் நிற்க முடியாது, மைனிங் நிற்க முடியும், அது கிரிடுக்கு நல்லது என்பது ஒரு பக்கம். அந்தப் பணம் கடைசியில் மற்ற நுகர்வோரின் பில்லில்தான் ஏறுகிறது என்பது மறுபக்கம். எனக்கு இரண்டாவது பக்கம்தான் கனமாகப் படுகிறது. முதலில் லோடை ஏற்றிவிட்டு, பிறகு இறக்குவதற்குக் காசு வாங்குவது சேவை என்று சொல்ல முடியாது.

"பசுமை" என்று சொன்னால் கேட்க வேண்டியவை

1. கரண்ட் எந்த நேரத்துடையது? ஆண்டுக் கணக்கில் 100 விழுக்காடு சோலார் என்பவர் பகலில் கிரிடுக்குக் கொடுத்து இரவில் எடுப்பவராக இருக்கலாம். காகிதத்தில் சமன், புகைபோக்கியில் சமன் இல்லை.

2. அந்தக் காற்றாலையோ சோலார் பண்ணையோ இவர்களுக்காகப் புதிதாக வந்ததா? முன்பே இருந்ததை இவர்கள் வாங்கிக்கொண்டால், அதுவரை அதைப் பயன்படுத்தியவர்களுக்குக் கரி கரண்ட்தான் மிஞ்சும்.

3. வெறும் சான்றிதழ் வாங்கினார்களா? ஓர் இடத்தில் உற்பத்தியான பசுமை மின்சாரத்துக்கான சான்றிதழை வேறு இடத்தில் இருப்பவர் வாங்கலாம். 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநிலங்களின் கிரிட் மற்ற கிரிடுகளோடு இணைந்ததிலிருந்து இந்தியா முழுவதும் ஒரே கிரிட். சேலத்து பிளக்கில் வருவது கமுதி சோலாரா, மேட்டூர் கரியா, கூடங்குளமா என்று பிரித்து எடுக்க முடியாது. கணக்கில்தான் பிரிக்கலாம்.

4. வீணாகப் போகும் கரண்ட் என்றால், உண்மையிலேயே வீணாகிறதா? வேறு யாரும் வரிசையில் இல்லையா?

நம்மிடம் மிச்சம் இருக்கிறதா?

நான்காவது கேள்விக்குத்தான் சேலத்தில் நின்று பதில் தேட வேண்டும்.

முதலில் தண்ணீர். மேட்டூர் அணையில் 50 மெகாவாட் அணை மின் நிலையம், 200 மெகாவாட் சுரங்க மின் நிலையம். கீழே செக்கானூர் முதல் ஊராட்சிக்கோட்டை வரை நான்கு கதவணைகளில் தலா 30 மெகாவாட். சிச்சுவானைப் போல இங்கேயும் மழைக்கால மிச்சம் இருக்குமே என்று தோன்றலாம். மேட்டூரில் தண்ணீர் திறப்பது கரண்டுக்காக அல்ல. குறுவைக்கு ஜூன் 12 என்று நாள் குறித்து, டெல்டாவின் தேவைக்குத் திறக்கிறார்கள். போகிற தண்ணீர் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகிறது. நீர்மட்டம் போதாத ஆண்டில் தேதி தள்ளிப்போகும். 2024-ல் ஜூலை கடைசியில்தான் பாசனத்துக்குத் திறந்தார்கள். குடிநீருக்கு மட்டும் திறக்கும் மாதங்களில் உற்பத்தி சொற்பம். ஆண்டு முழுக்க ஓடியே ஆக வேண்டிய மெஷினுக்கு இந்தத் தண்ணீரை நம்ப முடியாது. நெல்லுக்குப் போகிற வழியில் கிடைக்கும் அந்தக் கரண்டும் வருகிற நொடியிலேயே செலவாகிவிடுகிறது.

அடுத்து காற்று. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 11 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் காற்று அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில், அதே ஆடியில் கிரிட் தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதும் நடக்கிறது. இந்த மிச்சம் உண்மையானது. ஆனால் ஜனவரியில் அதே காற்றாலைகள் சில நூறு மெகாவாட்டுக்கு இறங்கிவிடுகின்றன.

மூன்றாவது வெயில். மாநிலத்தின் சோலார் திறன் 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. நடுப்பகலில் தாராளம், மாலை ஆறு மணிக்கு மேல் இழுபறி. பெரிய ஆலைகளுக்குக் காலை, மாலை உச்ச நேரத்தில் 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் இருப்பது இதனால்தான். சோலார் நேரத்தில் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் விதி கொண்டுவந்ததும் இதே காரணத்துக்காக.

ஆக, மிச்சம் இருக்கிறது. சில மாதங்களிலும் சில மணி நேரங்களிலும் மட்டும். அதற்கு வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை இரவிலிருந்து பகலுக்கு மாற்றலாம். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் கழிவுநீரிலிருந்து எடுக்கும் பயோகேஸை மாலைக்கு வைத்துக்கொண்டு பகலில் கிரிடில் ஓடலாம். தண்ணீரை மேலே ஏற்றி வைத்து மாலையில் கரண்ட் எடுக்கும் கடம்பாறை நிலையம் 400 மெகாவாட்டில் 1980-களிலிருந்து இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டில் இன்னொன்று வருகிறது. பேட்டரி விலையும் இறங்குகிறது. இவை அனைத்தும் பகல் மிச்சத்தை எடுத்து மாலைப் பற்றாக்குறைக்கு உதவுபவை. மைனிங் எடுத்துக்கொள்ளும், திருப்பித் தராது. 2012-ல் நாளுக்குப் பல மணி நேரம் தறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் உள்ள மாவட்டத்தில், இந்த வரிசையில் மைனிங்கின் இடம் கடைசிதான். டெக்சாஸ் மாதிரியை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்கிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்காமல் பேசுகிறார்கள்.

ஏற்காட்டுக் குளிரில் வைத்தால்?

சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்தை விடக் குளிர்ச்சி, மெஷின் சூட்டுக்கு நல்லதுதானே என்று கேட்கிறார்கள். விசிறிச் செலவு கொஞ்சம் குறையும். மெஷின் இழுக்கும் 3,500 வாட் பெரிதாக மாறாது. அந்தக் கரண்ட் மலையில் விளைவதும் இல்லை. கீழிருந்து காட்டு வழியே கம்பியில் ஏறி வருகிறது. மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் மலைக்கிராமங்கள் இருட்டில் இருக்கும். அந்தப் பாதையில் இன்னும் லோடு ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் நல்லதல்ல. ஒரு மெஷினின் இரைச்சல் 75 டெசிபல் அளவில் இருக்கும்; இருபது மெஷின் கொண்ட கொட்டகை பக்கத்தில் யாரும் தூங்க முடியாது.

குளிர் நாடுகளில் மெஷின் சூட்டைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள், மரம் உலர்த்துகிறார்கள். ஏற்காட்டில் காபிக் கொட்டை உலர்த்தலாமே என்றால், காபிப் பழம் எடுக்கும் சில மாதங்களுக்கு அது உதவலாம். மீதி மாதங்களில் சூட்டை மலையில் ஊதிவிடுவதுதான் நடக்கும். களத்தில் வெயில் இலவசம்.

இனி வரப்போவது

சட்டப்படி இந்தியாவில் மைனிங்குக்குத் தடை இல்லை. பெரிய அளவில் வராததற்குக் காரணம் கட்டணமும் வரியும். அமெரிக்காவின் பெரிய மைனிங் நிறுவனங்கள் சில, கையிலிருக்கும் மின் இணைப்பையும் கட்டடத்தையும் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்குத் திருப்பத் தொடங்கிவிட்டன. அங்கேயும் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் மேலே உள்ளவையே. டேட்டா சென்டர்களைத் தமிழ்நாடு வரவேற்கிறது என்பதால் அவற்றை அங்கே கேட்பது இன்னும் அவசரம்.

மைனிங் மெஷினில் முதலீடு செய்தால் பணம் இரட்டிக்கும் என்று ஆள் சேர்த்த எச்பிஇசட் டோக்கன் செயலியை அமலாக்கத்துறை விசாரித்தது. மெஷின் எங்கே ஓடுகிறது, கரண்ட் யூனிட் என்ன விலை என்று சொல்லாத எந்தத் திட்டத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்த பாதியாக்கம் 2028-ல். வெகுமதி 1.5625 ஆகும். அப்போது கரண்ட் விலை கூடிய நாடுகளில் பழைய மெஷின்கள் கட்டுக்கட்டாகக் கழற்றப்பட்டு மலிவு விலைக்கு வெளியே வரும். எஸ்எச்ஏ-256 தவிர வேறொன்றுக்கும் அவை ஆகாது. வாங்க ஆள் இல்லாவிட்டால் மின்கழிவு. சேலத்தில் ஒருவருக்கு அப்படி ஒரு எஸ்19 புரோ சும்மாவே கிடைத்தாலும் கணக்கு இதுதான்: 3,250 வாட், நாளுக்கு 78 யூனிட், கரண்டுக்கு 850 ரூபாய்க்கு மேல். இன்றைய வெகுமதியில், மேலே வைத்த அதே விலையில், வரவு 400 ரூபாய்க்குள். 2028-க்குப் பிறகு, பிட்காயின் விலையும் உலகத்து மெஷின்களும் இப்படியே இருந்தால், 200 ரூபாய்.